மீஞ்சூர் வயலுக்கு எந்த மண் வரைபடம்? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

மீஞ்சூர், அத்திப்பட்டு, வல்லூர், இடையஞ்சாவடி, பொன்னேரிப் பக்கத்து விவசாயிகளும் ஏரிப் பாசன சங்கத்தாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். கையில் மண்வள அட்டை இருக்கிறது. உலக மண் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செயற்கைக்கோள் படத்தை வைத்து ஊர் மொத்தத்தையும் வண்ணம் பிரித்துத் தருகிறோம் என்று யாராவது வந்து நிற்கிறார்கள். எந்த வயலில் நெல்லைத் தொடர்வது, எதை உவர் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது, எந்தப் பள்ளத்தைக் கழுவெளியாகவே, அதாவது சதுப்பு ஈரநிலமாகவே, விட்டுவிடுவது, மண்ணில் கரிமம் கூடியது என்று எதை வைத்துச் சொல்வது? இத்தனைக்கும் எந்த வரைபடத்தை நம்புவது?

ஒரே வரைபடம் எல்லாவற்றுக்கும் ஆகாது. ஆனால் வரிசை ஒன்று உண்டு. வடசென்னையின் விளிம்பில் நிலத்தின் தலையெழுத்தை முதலில் உப்பு எழுதுகிறது, அடுத்து தண்ணீர் நிற்கும் ஆழம், கரிமம் மூன்றாவதுதான். வரைபடம் விற்க வருபவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் கரிமத்தில் தொடங்குகிறார்கள்.

## முதலில் பீட் மண் கதையை முடித்துவிடுவோம்

காலநிலைக்கான மண் வரைபடம் என்று தேடினால் ஐரோப்பாவின் பீட் நிலங்களைப் பற்றிய கட்டுரைகள்தான் முன்னால் வரும். பீட் என்பது தண்ணீரில் மூழ்கியதால் மட்காமல் அடுக்கடுக்காகத் தேங்கிய செடிக் கழிவு. ஐநா சார்ந்த காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் வரையறையில், தண்ணீர் தேங்கும் மண் களி இல்லாததாக இருந்தால் எடையில் குறைந்தது 12 சதவீதமும், களி 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 18 சதவீதமும் அங்ககக் கரிமம் கொண்டிருந்தால்தான் அதை அங்கக மண் என்கிறார்கள். அப்படிப்பட்ட நிலத்தை வடித்துப் பயிர் வைத்தால், வெப்பமண்டலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 14 டன் கரிமம் காற்றில் போகும் என்பது ஐபிசிசி 2013-இல் தந்த கணக்கு. கார்பன் டை ஆக்சைடாக மாற்றினால் சுமார் 51 டன். ஆகவே அங்கே பீட்டின் எல்லையைக் கண்டுபிடித்து மறுபடி நனைப்பதே முழுத் திட்டமாகிவிடுகிறது.

நம் பக்கத்தில் பீட் வேண்டுமென்றால் நீலகிரி உச்சியின் சதுப்புகளுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் குட்டநாட்டின் கரி நிலங்களுக்கு. கொசஸ்தலை, ஆரணி ஆறுகளின் கடைமடையில் இருப்பது வண்டலும் களியும், கடலோரம் மணல், செங்குன்றம் பக்கம் செம்மண், கழிமுக ஓரத்தில் உப்புச் சேறு. அந்தச் சேறு கறுப்பாக இருப்பதால் பீட் என்று எழுதிவிடுகிறார்கள். கறுப்பு பெரும்பாலும் இரும்பு சல்ஃபைடால் வருவது. ஒரு கட்டியை எடுத்து இரண்டாகப் பிட்டு நிழலில் வையுங்கள். அழுகிய முட்டை வாடை அடித்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மேல்புறம் சாம்பல் பழுப்புக்குத் திரும்பினால் அது சல்ஃபைடுச் சேறு. பீட் அப்படி நிறம் மாறாது. உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வடியும், நார் மிஞ்சும்.

பீட் இல்லை என்பதால் அந்தச் சேற்றில் கரிமம் இல்லை என்றும் ஆகாது. ஹெக்டேருக்கு எத்தனை டன் என்பது கரிமச் சதவீதம், மண்ணின் அடர்த்தி (கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம்), சென்டிமீட்டரில் ஆழம் மூன்றையும் பெருக்கினால் வரும். வயலில் 0.6 சதவீதம், அடர்த்தி 1.4, ஆழம் 30 என்றால் 25 டன். 3 சதவீதக் கரிமமும் 0.8 அடர்த்தியும் உள்ள சேறு ஒரு மீட்டர் ஆழம் இருந்தால் 240 டன். சதவீதத்தில் ஐந்து மடங்காகத் தெரிந்தது டன்னில் ஏறக்குறைய பத்து மடங்காகிவிட்டது. ஆழத்தை அளக்காத வரைபடத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் ஆறு கேள்விகளால் சோதிக்கலாம்: காட்டக்கூடிய மிகச் சிறிய துண்டு எவ்வளவு? எத்தனை சென்டிமீட்டர் ஆழம் வரை தெரியும்? உவரையும் களரையும் பிரித்துக் காட்டுமா? கரிமத்தை டன்னில் சொல்ல முடியுமா? ஐந்து வருடம் கழித்து அதே முறையில் திரும்ப அளக்க முடியுமா? கடைசியாக, விலைச் சீட்டில் வராத செலவு என்ன?

உவர், களர் பிரிப்பு ஏதோ பாடப்புத்தக நுணுக்கம் என்று தோன்றலாம். மண்ணைத் தண்ணீரால் நிறைத்து வடித்த சாற்றில், அதாவது நிறைவுச் சாற்றில், மின்கடத்துத்திறன் (இ.சி.) மீட்டருக்கு 4 டெசிசீமனுக்கு மேலும் பிஎச் 8.5-க்குக் கீழும் இருந்தால் உவர். பிஎச் 8.5-க்கு மேல் போய், பரிமாற்றச் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால் களர். களருக்கு ஜிப்சம் மருந்து. உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து, அங்கே ஜிப்சம் கொட்டுவது மூட்டைக் காசை வாய்க்காலில் விடுவது. இரண்டையும் ஒரே நிறத்தில் 'பிரச்சினை மண்' என்று காட்டும் வரைபடத்தால் வயலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

| வழி | மிகச் சிறிய துண்டு | ஆழம் | உப்பு | கரிமம் டன்னில் | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|
| அ-பதிவேடு, புல வரைபடம் | உட்பிரிவு எண் வரை | சொல்லாது | சொல்லாது | முடியாது | பழைய வகைப்பாடு, இன்றைய நிலம் வேறு |
| மண்வள அட்டை | 2.5 ஹெக்டேர் கட்டம் | 15 செ.மீ. | ஓரளவு | முடியாது | பல வயலுக்கு ஒரே எண் |
| தேசிய, உலக வரைபடங்கள் | 6.25 முதல் 250 ஹெக்டேர் வரை | 2 மீட்டர் வரை, கணிப்பாக | பொதுவாக | கணிப்பாக | துல்லியமாகத் தெரியும் தோற்றம் |
| செயற்கைக்கோள் | 10 முதல் 20 மீட்டர் | மேல்தோல் மட்டும் | வெள்ளை பூத்தால் தெரியும் | தனியாக முடியாது | வயலில் சரிபார்க்கும் வேலை |
| சொந்தமாகத் துளையிட்டு வரைவது | நீங்கள் முடிவு செய்வது | 1 மீட்டர் | நன்றாக | முடியும் | ஆள், நாள், ஒழுங்கு |

## வழி ஒன்று: அ-பதிவேடும் புல வரைபடமும்

அ-பதிவேடு என்பது ஊரின் நிலங்களைப் புல எண்வாரியாக எழுதிய வருவாய்த் துறைப் பதிவேடு. இதை மண் வரைபடம் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அ-பதிவேட்டில் 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு பத்தி இருக்கிறது, பக்கத்தில் மண் தரம், தீர்வை வீதம். ரயத்துவாரித் தீர்வை போட்ட காலத்தில் வயல் வயலாக மண்ணைப் பார்த்து எழுதிய வகைப்பாடு அது. நஞ்சை, புஞ்சை, பாசன ஆதாரம், இருபோகமா என்பதும் அதே வரியில் வரும். இணையத்தில் வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

கரிமத்துக்கும் உப்புக்கும் இது உதவாது. இது கொடுப்பது சட்டகம். மற்ற எந்த வழியில் வரைந்தாலும் முடிவில் 'இந்தப் புல எண்ணில் இதைச் செய்' என்று சொன்னால்தான் ஊரில் வேலை நடக்கும். வெறும் ஜிபிஎஸ் புள்ளிகளை வைத்துக்கொண்டு கூட்டத்தில் பேசினால் யாருக்கும் விளங்காது. இன்னொரு பயனும் உண்டு. பதிவேட்டில் ஏரிப் பாசன நஞ்சை என்றும் நேரில் போனால் உப்பு பூத்த தரிசு என்றும் இருக்கும் புலங்களைத் தனியே எழுதுங்கள். உப்பு எங்கே ஏறியது என்பதற்கான முதல் பட்டியல் அதுதான்.

எங்கே ஏமாற்றும்? செங்கல் சூளைக்கு மேல்மண் வெட்டிய வயலும், சவுடு கொட்டி உயர்த்திய வயலும் பதிவேட்டில் பழைய தரத்திலேயே இருக்கும்.

## வழி இரண்டு: மண்வள அட்டை

2015 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 12 அளவுகள் வருகின்றன: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அவற்றோடு பிஎச், இ.சி., அங்ககக் கரிமம். உரப் பரிந்துரைக்கு இது நல்ல கருவி, குறையே இல்லை. கரிமம் 0.5-க்குக் கீழ் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம்.

வரைபடமாக்கும்போதுதான் சிக்கல். பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 6 ஏக்கருக்கு, ஒரு கட்டம், ஒரு கலப்பு மாதிரி. மானாவாரியில் கட்டம் 10 ஹெக்டேர். கட்டத்துக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும் அதே எண்கள் அச்சாகும். நாற்பது அட்டைகளைச் சேகரித்துவிட்டோம் என்று மகிழ்ந்தால், அதில் உண்மையான மாதிரி எட்டோ பத்தோதான் இருக்கும். சோதிப்பது எளிது. அட்டையில் அச்சான அட்சரேகை, தீர்க்கரேகையைக் கைபேசியில் போட்டுப் பாருங்கள், அடுத்தடுத்த அட்டைகளின் 12 எண்களையும் ஒப்பிடுங்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் அது ஒரே மாதிரிதான், ஒரே புள்ளியாகத்தான் எண்ண வேண்டும்.

அடுத்தது ஆழம். மேல் 15 சென்டிமீட்டர் மட்டும். கடலோர நிலத்தில் மேலே இ.சி. சாதாரணமாக இருந்து 40 சென்டிமீட்டரில் உப்பு காத்திருப்பது வாடிக்கை. மழை முடிந்து ஜனவரியில் எடுத்த மாதிரியில் உப்பு கழுவிப் போயிருக்கும், அதே வயலை மே மாதத்தில் எடுத்தால் வேறு எண் வரும். அட்டையில் இருக்கும் மாதிரி எடுத்த தேதியைப் பார்க்காமல் இரண்டு வயல்களை ஒப்பிடவே கூடாது.

மூன்றாவது, கரிம எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வேதியியல். பரவலாகச் செய்யும் வாக்லி–பிளாக் முறையில் பொட்டாசியம் டைகுரோமேட் மண்ணின் கரிமத்தில் சுமார் 77 சதவீதத்தை மட்டுமே எரிக்கும். அதனால் 1.3-ஆல் பெருக்க வேண்டும். ஓர் ஆய்வகம் பெருக்கித் தருகிறது, இன்னொன்று பெருக்காமல் தருகிறது. ஆய்வகம் மாறிய வருடத்தில் கரிமம் 30 சதவீதம் கூடிவிட்டது என்று கொண்டாடுவது இப்படித்தான். அதைவிட நம் மண்ணுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு: டைகுரோமேட் குளோரைடையும் எரித்துவிடும். மண்ணில் உள்ள குளோரைடு சதவீதத்தை 12-ஆல் வகுத்தால் வருவது பொய்க் கரிமம். குளோரைடு 0.6 சதவீதம் இருக்கும் கடும் உவர் மண்ணில் 0.05 கூடுதலாகக் காட்டும். உண்மையில் 0.46 இருக்கும் மண் 0.51 ஆகி, 'குறைவு' என்பது 'நடுத்தரம்' என்று மாறிவிடும். உப்பு ஏற ஏறக் கரிமம் வளர்வதாகத் தெரியும் விசித்திரம் இது. மாதிரியைக் கொடுக்கும்போதே உவர் நிலம் என்று எழுதிக்கொடுத்து, வெள்ளி சல்பேட் சேர்த்த கந்தக அமிலத்தில் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும், அல்லது குளோரைடைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். சேற்று வயலிலிருந்து எடுத்ததை நன்றாக நிழலில் உலர்த்தாமல் அனுப்பினால் இரும்பும் இதே விளையாட்டைக் காட்டும்.

எப்போது இது போதும்? உங்கள் கேள்வி உர அளவு மட்டும் என்றால், நிலம் கழிமுகத்துக்கு விலகி, கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்தால் போதும். அதற்கு மேல் பணம் செலவழிக்க வேண்டாம்.

## வழி மூன்று: தேசிய வரைபடமும் உலக வரைபடமும்

நாக்பூரில் தலைமையகம் கொண்ட தேசிய மண் ஆய்வு, நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனம் மாநிலம் முழுவதற்கும் 1:2,50,000 அளவில் மண் வரைபடம் வைத்திருக்கிறது. தாளில் 1 சென்டிமீட்டர் தரையில் இரண்டரை கிலோமீட்டர். இந்த அளவில் தெளிவாகக் காட்டக்கூடிய மிகச் சிறிய துண்டு சுமார் 250 ஹெக்டேர், ஏக்கரில் 600-க்கு மேல். 200 ஏக்கர் ஆயக்கட்டு ஒரே நிறத்தில் கரைந்துவிடும்.

நெதர்லாந்தின் மண் தகவல் மையமான ஐஎஸ்ஆர்ஐசி தரும் சாயில்கிரிட்ஸ் என்ற உலக மண் வரைபடம் 250 மீட்டர் கட்டம். ஒரு கட்டம் 6.25 ஹெக்டேர், பதினைந்தரை ஏக்கர். இரண்டு மீட்டர் ஆழம் வரை ஆறு அடுக்குகளாகக் கரிமம், களி, அடர்த்தி எல்லாம் வரும், இலவசம். உலகெங்கும் எடுத்த மண் குழி விவரங்களை வைத்து, மழை, உயரம், தாவரம் இவற்றோடு பொருத்தி இயந்திரம் கணித்தது. உங்கள் ஊரில் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. அத்திப்பட்டில் ஒரு கட்டத்துக்குள் வயலும் சாம்பல் குளமும் உப்பளமும் சேர்ந்து விழுந்தால் மூன்றுக்கும் சராசரியாக ஓர் எண் வரும், அந்த எண் மூன்றில் எதற்கும் பொருந்தாது.

பயன் இல்லையா என்றால் உண்டு. வட்டம் முழுவதற்கும் திட்டம் போடுபவருக்கு, எந்த ஊர்களில் முதலில் துளையிடுவது என்று தேர்ந்தெடுக்க உதவும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கூடவே நிச்சயமின்மை அடுக்கும் தருகிறார்கள். அதைத் திறந்து பார்ப்பவர் குறைவு, பார்த்தால் பாதி உற்சாகம் அடங்கிவிடும்.

## வழி நான்கு: செயற்கைக்கோள்

ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படம் இலவசம். கண்ணுக்குத் தெரியும் நிறங்களிலும் அண்மை அகச்சிவப்பிலும் 10 மீட்டர், மண்ணுக்கு முக்கியமான குற்றலை அகச்சிவப்பில் 20 மீட்டர். 10 மீட்டர் கட்டம் என்றால் ஏறக்குறைய இரண்டரை சென்ட். வயல் அளவுக்கு இறங்கும் இலவசப் படம் என்பதால் ஆசை வருவது நியாயம்.

ஆனால் அது மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் மண் வெளியே தெரிய வேண்டும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மாறி மாறிப் பயிர் நிற்கும் இடத்தில் வெறும் மண் தெரிவது நவரை அறுத்ததற்கும் சொர்ணவாரிக்குச் சேடை உழுவதற்கும் இடையில் சில வாரம் மட்டுமே. ஏப்ரல் கடைசி, மே மாதத்துப் படங்களைத் தேடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் விடாது. தாள் நிற்கும் வயலை வெறும் மண்ணாக எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் தவறும்.

உப்புக்கு இது நல்ல கண். மே வெயிலில் உப்பு பூத்த திட்டுகள் வெள்ளையாகத் தெரியும். மூன்று நான்கு வருடத்து மே படங்களை அடுக்கிப் பார்த்தால் ஓடை ஓரத்திலிருந்து வெள்ளை எந்தத் திசையில் நகர்கிறது என்பது புலப்படும். கெடுப்பது என்னவென்றால், கடற்கரை மணலும் உப்பளமும் காய்ந்த சாம்பலும் அதே வெள்ளையில்தான் தெரியும். ஒவ்வொரு வகைத் திட்டிலும் நேரில் போய் நாலைந்து இடத்தைச் சரிபார்க்காமல் வண்ணம் பிரித்த படத்தை வாங்காதீர்கள்.

கரிமத்துக்கு நிலைமை மோசம். கரிமம் கூடினால் மண் கறுக்கும், ஈரமானாலும் கறுக்கும். நேற்று தண்ணீர் வைத்த வயல் இன்று கரிமச் செழிப்பாகத் தெரியும். அதோடு ஒளி பார்ப்பது மேல் சில மில்லிமீட்டர். நாற்பது சென்டிமீட்டர் கீழே இருக்கும் சேற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வயலில் எடுத்த மாதிரி எத்தனை, அதில் எத்தனையை விலக்கிவைத்துச் சரிபார்த்தீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். 'எங்கள் மாடல் பல மாநிலங்களில் பயிற்சி பெற்றது' என்று பதில் வந்தால், உங்கள் ஊரில் மாதிரி எடுக்கவில்லை என்று அர்த்தம்.

## வழி ஐந்து: சொந்தமாகத் துளையிட்டு வரைவது

200 ஏக்கர் ஆயக்கட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றாகச் செய்வது நல்லது. முதல் சுற்று உப்புக்கு, இரண்டாவது கரிமத்துக்கு.

முதல் சுற்று மே மாதம், சேடைக்கு முன். இரண்டரை ஏக்கருக்கு ஒரு புள்ளி என்று 80 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் ஆகரால் (மண்ணைத் துளைத்தெடுக்கும் கருவி) 0–15, 30–60 சென்டிமீட்டர் மண். 20 கிராம் உலர்ந்த மண், 50 மில்லி டிஸ்டில்டு வாட்டர், நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் வைத்து, பேனா வடிவ இ.சி. மீட்டரில் பார்க்க வேண்டும். இது ஆய்வகம் செய்யும் 1:2.5 விகிதமேதான். இப்படி எடுத்த எண்ணை மேலே சொன்ன 4 என்ற வரம்போடு ஒப்பிடக் கூடாது, அது நிறைவுச் சாற்றுக்கானது. 1:2.5-இல் 1 டெசிசீமன் வரை கவலையில்லை, 1 முதல் 2 வரை முளைப்பு பாதிக்கும், அதற்கு மேல் பயிரே தடுமாறும். இந்த இரண்டு அளவுகளையும் குழப்புவதுதான் அறிக்கைகளில் அதிகம் காணும் பிழை.

போர் தண்ணீரில் கலக்கிவிடாதீர்கள். மீஞ்சூர் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாகப் பதிவான விஷயம், அந்தத் தண்ணீரே மீட்டரை ஏற்றிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் போதும், முதலில் அதையும் அளந்து பூஜ்யத்துக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். காலையும் மதியமும் 1.413 கரைசலில் மீட்டரைச் சரிசெய்ய வேண்டும். வெப்பத் திருத்தம் இல்லாத மீட்டர் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கூடுதலாகக் காட்டும், மே மதியத்தில் அது சிறிய பிழை இல்லை. இரண்டு பேர் நான்கைந்து நாளில் முடிக்கலாம்.

மேல், கீழ் இரண்டு எண்களும் சேர்ந்து சொல்வதுதான் இந்த வழியின் லாபம். மேலே அதிகம், கீழே குறைவு என்றால் நிலத்தடி உப்புநீர் அருகிலேயே இருந்து, திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே ஏறி ஆவியாகிறது, அல்லது உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி வடிகால் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். அங்கே ஒருமுறை கழுவினாலும் அடுத்த கோடையில் திரும்ப வரும், வடிகால் இல்லாமல் எதுவும் நிற்காது. கீழே அதிகம், மேலே குறைவு என்றால் மழை தன் வேலையைச் செய்கிறது. தண்ணீர் நிறுத்தி நெல் வைக்கலாம், ஆழமாகக் குழி வெட்டிக் கீழ் உப்பை மேலே கொண்டுவராமல் இருந்தால் சரி. நடுவாந்தர உப்புக்குக் கோ 43, திருச்சி ரகங்கள் போன்றவை தாங்கும். நெல் பொதுவாக நிறைவுச் சாற்றில் 3 டெசிசீமனுக்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 12 சதவீதம் மகசூலை இழக்கும் என்பதை வைத்து, எந்த இடத்தில் நெல் கட்டுபடியாகாது என்று கணக்குப் போடலாம்.

கழிமுக ஓரத்துக் கறுஞ்சேற்றை வடிக்க நினைப்பவர்கள் அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கொஞ்சம் சேற்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, நுரை அடங்கியதும் பிஎச் தாளால் பாருங்கள். 3-க்குக் கீழே விழுந்தால் அதில் கந்தகக் கனிமம் இருக்கிறது, காற்றுப் பட்டால் அமிலமாகும். அந்தத் துண்டு நனைந்தே இருக்கட்டும். ஆய்வகத்துக்கான 30 சதவீதப் பெராக்சைடு தோலைச் சுடும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

இரண்டாவது சுற்று கரிமத்துக்கு. முதல் சுற்றின் உப்பு, மேடு பள்ளம், வாய்க்கால் இவற்றை வைத்து நிலத்தை எட்டு வட்டகைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு இடம், 0–15, 15–30 என்று இரண்டு ஆழம், ஆக 64 மாதிரிகள். வரப்பு, மரநிழல், எருக்குவியல், வாய்க்கால் ஓரம் விலக்க வேண்டும். கூடவே 5 சென்டிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள இரும்பு வளையத்தால் அடர்த்தி மாதிரி, 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி எடை. இதை விட்டுவிட்டால் டன் கணக்கு போச்சு. 0.6 சதவீதக் கரிமம், 15 சென்டிமீட்டர் ஆழம், அடர்த்தி 1.3 என்றால் 11.7 டன். மிதி உழவில் இறுகி 1.5 ஆனால் 13.5 டன். ஒரு கிராம் கரிமம் சேராமலே 15 சதவீத 'வளர்ச்சி'.

புள்ளிகள் நூறுக்குக் குறைவாக இருந்தால் மென்பொருள் போட்டுத் தரும் வழவழப்பான வண்ணக் கோடுகளை நம்ப வேண்டாம், வட்டகைக்கு ஒரு சராசரியும் மாறுபாடும் போதும். அழகு குறைவுதான், பொய்யும் குறைவு.

கெடுக்கும் மற்றவை: ஏரி வண்டல் அடித்த வயலில் கரிமம் கூடியிருக்கும், ஆனால் அது ஏரியிலிருந்து இடம் மாறியது. காற்றிலிருந்து பிடித்ததாக அதைக் கணக்கில் எழுத முடியாது. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த மண்ணில் எரியாத நிலக்கரித் துகள் இருக்கும், எரித்துப் பார்க்கும் முறைகள் அதையும் மண்ணின் கரிமமாக எண்ணிவிடும். கடற்சிப்பி கலந்த மண்ணை உலர் எரிப்பில் கொடுத்தால் சுண்ணாம்பின் கார்பனும் சேர்ந்துவிடும், அமிலத்தால் கழுவிய பிறகே அளக்க வேண்டும்.

## காலநிலைக் கணக்கில் முட்டும் இடங்கள்

நெல் வயலின் பெரிய வாயு மீத்தேன். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால், எப்போதும் நீர் நிற்கும் வயலோடு ஒப்பிட மீத்தேன் 0.55 மடங்காகக் குறையும் என்று ஐபிசிசி 2019 திருத்தம் கணக்கிடுகிறது. 30 சென்டிமீட்டர் துளையிட்ட குழாயைப் பாதி புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது. நல்ல வயலில் அருமையான முறை. மேலே உப்பு அதிகமுள்ள வட்டகையில் இதைச் செய்தால், தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு முறையும் உப்பு வேருக்கு ஏறும். அங்கே மீத்தேனும் இயல்பாகவே குறைவாகத்தான் இருக்கும், கடல்நீரின் சல்பேட் அதைத் தடுக்கிறது. ஆகவே காய்ச்சல் பாய்ச்சலை உப்பு குறைந்த வட்டகைகளில் மட்டும் வையுங்கள். இதற்கு ஐந்தாம் வழியின் முதல் சுற்று போதும், கரிம வரைபடம் தேவையில்லை.

பள்ளத்தைக் கழுவெளியாக விடுவதிலும் இதே உப்புதான் தீர்மானிக்கும். ஓதம் (கடல் நீர் ஏற்றம்) ஏறி இறங்கி, தண்ணீரில் லிட்டருக்கு 18 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் மீத்தேன் மிகக் குறைவு. மழைநீர் மட்டும் தேங்கும் பள்ளம் கரிமத்தைச் சேர்த்துக்கொண்டே மீத்தேனையும் விடும். ஓதம் எதுவரை வருகிறது என்ற கோட்டை வரைபடத்தில் போடுங்கள். மீனவர்களைக் கேட்டால் அந்தக் கோட்டை ஒரு மணி நேரத்தில் நடந்து காட்டிவிடுவார்கள்.

இனி கார்பன் காசு, அதாவது மண்ணில் கரிமம் சேர்த்ததற்குத் தருவதாகச் சொல்லும் பணம். கரிமச் சதவீதம் சராசரி 0.60, மாறுபாடு (திட்ட விலக்கம்) 0.15 உள்ள நிலத்தில் பத்து சதவீத உயர்வை, அதாவது 0.66 என்பதை, சந்தேகமின்றிக் காட்ட ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட நூறு மாதிரி வேண்டும். 2015 பாரிஸ் மாநாட்டில் முன்வைத்த இலக்கான ஆண்டுக்கு 0.4 சதவீதம் என்ற வேகத்தில் பத்து சதவீதம் கூட 25 வருடம் ஆகும். ஆண்டுதோறும் மண் கரிமத்தை அளந்து காசு தருகிறோம் என்ற ஒப்பந்தத்தைக் கண்டால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

## யாருக்கு எது

கழிமுகத்துக்கு விலகிய, நல்ல ஏரித் தண்ணீர் உள்ள தனி விவசாயி: மண்வள அட்டை, அதோடு ஒரே ஒருமுறை 60 சென்டிமீட்டர் வரை இ.சி. சோதனை.

கொசஸ்தலை ஓரம், பக்கிங்காம் கால்வாய் ஓரம் நிலம் உள்ள சங்கம்: மே மாதச் செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைத் திட்டைக் குறித்து, ஐந்தாம் வழியின் முதல் சுற்று. கையில் காசு ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பள்ளத்தை ஈரநிலமாகக் காக்க மனு எழுதுபவர்கள்: அ-பதிவேடு, ஓதக் கோடு, ஒரு மீட்டர் ஆழம் வரை கரிமமும் அடர்த்தியும். சதவீதத்தை எழுதாதீர்கள், டன்னை எழுதுங்கள்.

வட்டம் அளவில் திட்டமிடும் அலுவலர்: மூன்றாம் வழியில் தொடங்கி, நிச்சயமின்மை அதிகமான கட்டங்களில் ஐந்தாம் வழி.

எதைத் தேர்ந்தாலும், ஆய்வகத்துக்குக் கொடுத்தது போக ஒவ்வொரு மாதிரியிலும் நூறு கிராமை உலர்த்தி, மூடி இறுகிய பாட்டிலில் எடுத்து வையுங்கள். புல எண், ஆழம், தேதி எழுதிய சீட்டைப் பென்சிலில் எழுதி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மார்க்கர் பேனா கடற்காற்று ஈரத்தில் இரண்டு வருடத்தில் அழிந்துவிடும். ஐந்து வருடம் கழித்துப் பழைய மண்ணையும் புதிய மண்ணையும் ஒரே நாளில் ஒரே மேசையில் சோதிக்கக் கொடுத்தால், ஆய்வகம் மாறியதா மண் மாறியதா என்ற சண்டை வராது.